மோன் பிளாங் ஏறுவது எப்படி? கூத்தே பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோன் பிளாங் உச்சிப் படத்தை நண்பர்கள் குழுவில் போட்ட நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியதைச் சேர்த்து இங்கே வைக்கிறேன். நான் இந்த மலைக்கு இரண்டு கோடைகளில் போனேன். முதல் முறை உச்சிக்கு நானூற்றைம்பது மீட்டர் கீழே திரும்பினேன், இரண்டாம் முறை உச்சியில் நின்றேன். நான் தொழில்முறை வழிகாட்டி அல்ல. நேரில் பார்த்ததையும், போவதற்கு முன் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

மோன் பிளாங் எங்கே இருக்கிறது? உயரம் எவ்வளவு?

பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயரமான சிகரம். பெயருக்கு 'வெள்ளை மலை' என்று பொருள். உயரத்தை ஒரே எண்ணில் சொல்ல முடியாது, ஏனென்றால் உச்சி பாறையல்ல, பனி. பாறை உச்சி 4,792 மீட்டரில் பனிக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் மேல் காற்று கொண்டுவந்து சேர்க்கும் பனி கூடும், குறையும். பிரெஞ்சு நில அளவையாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். 2007-இல் 4,810.90 மீட்டர், 2021-இல் 4,807.81, 2023-இல் 4,805.59.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தமிழ்நாட்டின் உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இந்தப் பாதையில் நீங்கள் முதலில் சேரும் மலைக்குடிலே அதைவிட ஐந்நூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

கூத்தே பாதை என்பது எந்த வழி?

கோடையில் பெரும்பாலானோர் ஏறும் வழக்கமான பாதை. ஷாமொனி பள்ளத்தாக்கில் லே ஊஷ் என்ற ஊரிலிருந்து பெல்வ்யூ கேபிள் கார், அங்கிருந்து மோன் பிளாங் டிராம்வே என்ற பற்சக்கர ரயில். கீழே லெ ஃபாயே நிலையத்திலேயே ரயிலைப் பிடிக்கவும் செய்யலாம். இந்த ரயிலை உச்சிவரை கொண்டுபோகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். 1914-இல் போர் வந்ததும் வேலை நின்றது, அன்று நின்ற இடம்தான் இன்றும் கடைசி நிலையம். 'கழுகுக் கூடு' என்று பொருள்படும் நீ தேகிள், சுமார் 2,370 மீட்டர்.

அங்கிருந்து நடைதான். இரண்டரை மணி நேரத்தில் 3,167 மீட்டரில் தேத் ரூஸ் குடில். அதைத் தாண்டியதும் கூலுவார் என்று எல்லோரும் சொல்லும் செங்குத்தான கல் இடுக்கைக் குறுக்கே கடக்க வேண்டும். பிறகு கையும் காலும் வைத்துப் பாறை முகட்டில் ஏறினால் 3,835 மீட்டரில் கூத்தே குடில். மறுநாள் இருட்டில் கிளம்பி, தோம் து கூத்தே என்ற 4,304 மீட்டர் பனிக்குவட்டின் தோளைக் கடந்து, கொஞ்சம் இறங்கி, 4,362 மீட்டரில் வாலோ அவசரத் தங்குமிடம். அதற்கு மேல் போஸ் முகடு, அதன் முடிவில் உச்சி.

"சுலபமான பாதை" என்கிறார்களே, உண்மையா?

இந்தச் சொல்தான் பலரைத் தவறான நம்பிக்கையோடு கூட்டிப்போகிறது. பிரெஞ்சு மலையேற்றத் தர வரிசையில் இதற்குக் கீழிருந்து இரண்டாவது படி. 'அதிகம் கடினமில்லை' என்பதுபோல ஒரு பெயர். அந்தத் தரம் சொல்வது கைகால் வேலையின் கடினத்தை மட்டும். கயிற்றில் தொங்க வேண்டாம், பனிச்சுவரில் கோடரி கொத்தி ஏற வேண்டாம், அவ்வளவுதான். மேலே விழும் கல்லையும், மெல்லிய காற்றையும், களைத்த காலோடு இறங்கும் இரண்டாயிரத்து சொச்சம் மீட்டரையும் அந்தத் தரம் கணக்கில் எடுப்பதில்லை.

என் கருத்தில் இந்த மலை ஆளைச் சோதிப்பது மூன்று இடங்களில்: கூலுவாரை எத்தனை மணிக்குக் கடக்கிறோம், உடம்பை உயரத்துக்கு எத்தனை நாள் பழக்கினோம், திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்ப மனம் வருகிறதா. மூன்றிலும் திறமைக்கு வேலை குறைவு. பொறுமைக்குத்தான் வேலை.

அந்தக் கூலுவார் உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாதையில் வேறு எதுவும் இதற்கு ஈடில்லை.

கூலுவார் என்பது மலைச்சரிவில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பெரிய வாய்க்கால் மாதிரி. அதில் தண்ணீருக்குப் பதிலாகக் கற்கள் வரும். நாம் அதை நூறு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் குறுக்கே கடக்கிறோம். வேகமாக நடந்தால் ஓரிரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த நிமிடங்களில் நம் தலைக்கு மேல் பல நூறு மீட்டர் உயரத்துக்கு உதிரும் பாறை நிற்கிறது. 1990 முதல் 2017 வரை, தேத் ரூஸுக்கும் கூத்தே குடிலுக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும் 102 பேர் இறந்திருக்கிறார்கள், 230 பேர் காயப்பட்டிருக்கிறார்கள்.

கல் ஏன் விழுகிறது? பாறை வெடிப்புகளுக்குள் ஆண்டு முழுக்க உறைந்திருக்கும் பனிதான் அந்தச் சுவரைச் சிமெண்டுபோலப் பிடித்து வைத்திருக்கிறது. வெயில் ஏறினால் அது இளகுகிறது, உருகிய நீர் வெடிப்புக்குள் இறங்குகிறது, கல் கழன்றுகொள்கிறது. மேலே ஏறுபவர்கள் கால் பட்டும் கல் உருளும். ஜூன் மாதத்தில் இடுக்கு முழுக்கப் பனி மூடியிருந்தால் கற்கள் ஓரளவு கட்டுண்டு கிடக்கும். ஆகஸ்டில் பனி கரைந்து வெறும் மண்ணும் கல்லுமாக இருக்கும்போது நிலைமை மோசம். பிற்பகலிலும் மாலையிலும் அதிகம் விழும், இரவு குளிர்ந்து உறைந்த பின் அதிகாலையிலிருந்து காலைவரை குறையும். குறையும் என்றுதான் சொன்னேன், நிற்கும் என்று சொல்லவில்லை.

நான் முதல் முறை அங்கே நின்றபோது முதலில் காதில் விழுந்தது சத்தம்தான். மேலே எங்கோ 'டக்' என்று ஒன்று. அப்புறம் குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள ஒரு கல் துள்ளித் துள்ளி வந்து, நாங்கள் கால் வைக்கவிருந்த தடத்தைத் தாண்டிப் போனது. என் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "இப்போது" என்றார். ஓடவில்லை, வேகமாக நடந்தோம். ஓடினால் கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்) கால்சட்டையில் மாட்டி விழுந்துவிடுவோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஹெல்மெட் தேத் ரூஸிலிருந்தே தலையில் இருக்க வேண்டும். முந்திய குழு முழுக்கக் கடந்த பிறகே இறங்க வேண்டும். ஒருவர் கரையில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். நடுவில் நின்று படம் எடுக்கவே கூடாது. குறுக்கே ஒரு கம்பி வடம் கட்டியிருக்கிறார்கள், அதில் மாட்டுவதா வேண்டாமா என்பது அன்றைய பனியைப் பொறுத்தது, வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொன்று. கடந்தாயிற்று என்று மூச்சு விடுவது இயல்பு. ஆனால் விபத்துகளில் பெரும் பங்கு அதற்கு மேலுள்ள பாறை முகட்டில், கால் தவறி விழுவதால் நடக்கிறது. சுமார் ஐந்நூறு மீட்டர் உயரத்துக்குக் கல்லைப் பிடித்து ஏறும் வேலை. மேல்பகுதியில் இரும்பு வடங்கள் உண்டு. களைப்போடு இறங்கும்போது இங்கே மிகக் கவனம் வேண்டும்.

எந்தக் குடிலில் தங்குவது? தேத் ரூஸா, கூத்தேயா?

கேள்வி படுக்கை பற்றியதுபோல இருந்தாலும், கூலுவாரை எத்தனை மணிக்குக் கடக்கப்போகிறீர்கள் என்பதுதான் இதற்குள் இருக்கிறது.

காலை ரயிலில் வந்து அதே நாளில் கூத்தே குடிலுக்குப் போனால், கூலுவாரை நண்பகலுக்கு மேல் கடக்க நேரும். கல் விழும் நேரம். தேத் ரூஸில் தூங்கி நள்ளிரவுக்குப் பின் கிளம்பினால் கூலுவாரைக் குளிரில் கடக்கலாம், ஆனால் உச்சி நாளில் 1,640 மீட்டர் ஏறி, திரும்பி வரும்போது அதே இடத்தைப் பிற்பகலில் கடக்க வேண்டி வரும்.

முடிந்தால் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு தேத் ரூஸ். மறுநாள் அதிகாலை கூலுவாரைக் கடந்து கூத்தே குடிலுக்குப் போய் அந்த நாள் முழுக்க ஓய்வு. மூன்றாம் நாள் உச்சி, பிறகு இறக்கம். செலவு கூடும், விடுப்பு ஒரு நாள் கூடும். இருந்தாலும் நான் இரண்டாம் முறை இப்படித்தான் போனேன், என் உடம்பு முதல் முறையைவிட எவ்வளவோ தெளிவாக இருந்தது.

தேத் ரூஸ் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி. அந்தக் குடில் அருகிலுள்ள பனியாற்றின் வயிற்றுக்குள் நீர் தேங்கும். 1892 ஜூலையில் அது உடைந்து கீழே உள்ள சான் ஜெர்வே ஊர்ப் பக்கம் வெள்ளமாகப் பாய்ந்து 175 பேர் இறந்தார்கள். 2010-இல் மறுபடி உள்ளே நீர் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, துளை போட்டு இறைத்து வெளியேற்றினார்கள்.

முன்பதிவு கட்டாயமா? கூடாரம் போடலாமா?

கட்டாயம். 2019-இலிருந்து, கூத்தே பாதையில் ஏற வேண்டுமானால் குடிலில் படுக்கை உறுதி செய்திருக்க வேண்டும் என்பது அரசு ஆணை. வழியில் சோதிப்பார்கள். பெயர் சரியாக இருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். முன்பதிவு திறந்ததும் நல்ல தேதிகள் வெகு சீக்கிரம் போய்விடும், அதனால் கோடைக்கு பல மாதம் முன்பே முன்பதிவு இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பாதையில் கூடாரம் போடுவதற்குத் தடை. தேத் ரூஸ் அருகே அனுமதிக்கப்பட்ட முகாம் ஒன்று உண்டு, அதற்கும் பதிவு வேண்டும். வாலோ தங்குமிடம் உயிர் காப்பதற்கான அலுமினியப் பெட்டி. திட்டமிட்டுப் போய்ப் படுக்கும் இடம் அல்ல.

உயரம் உடம்பை என்ன செய்யும்?

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதன் பாதியைவிடச் சற்றே அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை வந்தால் உயர நோயின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர், திடகாத்திரமானவர் என்று அது பார்ப்பதில்லை. மாரத்தான் ஓடுகிறவர் ஒருவர் கூத்தே குடில் வாசலில் வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

தள்ளாட்டம், பேச்சுக் குழறல், குழப்பம், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல் வந்தால் பேச்சே இல்லை, உடனே இறங்க வேண்டும். மருந்து அதற்கு மாற்று அல்ல. அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது உடம்பு உயரத்துக்குப் பழக உதவும், ஆனால் சிலருக்கு ஒவ்வாது. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

உடம்பை எப்படிப் பழக்குவது?

உயரமான இடத்தில் ஏறி இறங்கித்தான். விமானத்தில் ஜெனீவாவில் இறங்கி மூன்றாம் நாள் உச்சி என்று திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம் திரும்பி வருகிறார்கள். குறைந்தது ஐந்தாறு நாள் ஒதுக்குங்கள். பலரும் இத்தாலியில் உள்ள கிரான் பரடீசோவை முதலில் ஏறுவார்கள். 4,061 மீட்டர், பனியாற்றில் கயிற்றோடு நடக்கவும் கிராம்பானில் பழகவும் நல்ல இடம். நான் முதல் முறை அதைச் செய்யவில்லை. எகுய் து மிடி கேபிள் காரில் 3,842 மீட்டர் போய் ஒரு பகல் சுற்றிவிட்டு, பழகிவிட்டோம் என்று நினைத்தேன். பகலில் போய் வருவது போதாது, உயரத்தில் இரவு தூங்க வேண்டும்.

வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன். அது போதுமா?

இதை ஐந்தாறு பேராவது கேட்டிருக்கிறார்கள். வெள்ளியங்கிரியில் இரவு முழுக்க ஏழு மலையும் ஏறி விடிகாலையில் சேர்ந்து, வெயிலில் இறங்கியவருக்குக் காலும் மனமும் உறுதியாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருட்டில், தூக்கமில்லாமல், அடுத்தவர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே ஏறும் பழக்கம் இங்கே அப்படியே பயன்படும். ஆனால் அந்த மலை 2,000 மீட்டரைத் தொடாது, பனியும் கிடையாது. அதனால் பாதித் தயாரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதிக்கு இந்தியாவிலேயே நல்ல வழி இருக்கிறது. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனமும், உத்தர்காசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனமும் அடிப்படைப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. கிட்டத்தட்ட ஒரு மாதம். கயிறு, கிராம்பான், பனிக்கோடரியால் விழுகையைத் தடுப்பது எல்லாம் அங்கே கற்கலாம். அது முடியாவிட்டால் ஷாமொனியிலேயே இரண்டு மூன்று நாள் பயிற்சியோடு சேர்ந்த திட்டங்கள் உண்டு.

உடற்பயிற்சிக்கு என் வழி எளிமையானது. பத்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு அடுக்குமாடிப் படிக்கட்டு. வாரத்தில் மூன்று நாள், ஆறு மாதம். ஏறுவதைப் போலவே இறங்குவதையும் பழகுங்கள், முட்டி அப்போதுதான் தாங்கும்.

வழிகாட்டி இல்லாமல் போகலாமா?

சட்டம் தடுக்கவில்லை. பனியாற்றுப் பயணம், கயிற்று வேலை, பாறையில் ஒருவரை ஒருவர் காப்பது எல்லாம் தெரிந்தவர்கள் தாமே போகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த அனுபவம் இல்லை, அதனால் என் பதில்: வழிகாட்டியோடு போங்கள். சர்வதேச அங்கீகாரம் பெற்ற மலை வழிகாட்டியாக இருக்க வேண்டும். இந்த மலையில் ஒரு வழிகாட்டி அதிகபட்சம் இரண்டு பேரைத்தான் கயிற்றில் சேர்ப்பார். மொத்தச் செலவில் பெரிய பங்கு அவர் கட்டணம்தான். அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

என்ன உடை, என்ன கருவி?

கிராம்பான் மாட்டக்கூடிய கனமான பூட்ஸ், கிராம்பான், பனிக்கோடரி, ஹார்னஸ் (கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் பட்டை), ஹெல்மெட், தலைவிளக்கு. பூட்ஸ் தவிர மற்றதெல்லாம் ஷாமொனிக் கடைகளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பூட்ஸும் கிடைக்கும்தான், ஆனால் சொந்தமாக வாங்கி, போட்டு நடந்து பழக்கியதே நல்லது. கோடை விடிகாலையிலும் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி சாதாரணம், காற்று சேர்ந்தால் இன்னும் கடுமை. இரண்டு ஜோடிக் கையுறை கொண்டுபோங்கள், ஒன்று காற்றில் பறந்துவிட்டால் விரல் போய்விடும். கறுப்புக் கண்ணாடி நான்காம் வகையாக இருக்கட்டும். நம் தோல் கறுப்பு, வெயில் என்ன செய்யும் என்று சன்ஸ்கிரீன் போடாமல் விடாதீர்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் என் மூக்கின் கீழ்ப்புறத்தைக்கூடத் தோலுரித்துவிட்டது.

சைவ உணவு கிடைக்குமா? தண்ணீர்?

முன்பதிவின்போதே சொன்னால் குடில்களில் சைவம் செய்து தருவார்கள். சூப், பாஸ்தா, சீஸ், ரொட்டி என்று எதிர்பாருங்கள். கூத்தே குடிலில் குடிநீர்க் குழாய் கிடையாது, பாட்டில் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும், விலை அதிகம். வழியில் தின்ன நான் கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் கொண்டுபோனேன். குளிரில் சாக்லேட் கல்லாகிவிடும், கடலைமிட்டாய் அப்படி ஆவதில்லை.

எந்த மாதம் போவது?

குடில்கள் திறந்திருப்பது ஏறத்தாழ ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் கடைசிவரை. நான் ஜூன் பிற்பாதியையும் ஜூலை முற்பாதியையும் விரும்புவேன், கூலுவாரில் பனி இருக்கும் என்பதால். ஆனால் ஒவ்வொரு கோடையும் ஒவ்வொரு மாதிரி. 2022-இல் வெப்ப அலை அடித்து, ஜூலையிலேயே உள்ளூர் வழிகாட்டி அமைப்புகள் இந்தப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போவதை நிறுத்தின. ஆகஸ்ட் 5 அன்று தேத் ரூஸ், கூத்தே இரண்டு குடில்களையும் மூடினார்கள். அப்போதும் சிலர் ஏறிக்கொண்டிருந்ததால், சான் ஜெர்வே நகரத் தலைவர், ஏறுபவர்கள் மீட்புக்கும் இறுதிச் சடங்குக்குமாக 15,000 யூரோ முன்பணம் கட்ட வேண்டும் என்றார். அந்த அளவுக்கு நிலைமை இருந்தது. 2015 ஜூலையிலும் கல் விழுந்ததால் கூத்தே குடில் சில நாள் மூடப்பட்டது.

எனவே பயணத்தில் ஓரிரண்டு நாள் உபரியாக வையுங்கள். வழிகாட்டி "இந்த வாரம் வேண்டாம், வேறு மலை போவோம்" என்றால் ஒத்துக்கொள்ளும் மனதோடு போங்கள்.

உச்சி நாள் எப்படி இருக்கும்?

கூத்தே குடிலில் இரண்டு மணிக்கு எழுப்புவார்கள். எழுப்புவது என்ன, பாதிப் பேர் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்த உயரத்தில், நூற்றிருபது பேர் படுக்கும் கட்டடத்தில், யாரோ ஒருவர் எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார். ரொட்டியும் டீயும் வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளிவிட்டு, கிராம்பான் மாட்டி, கயிற்றில் இணைந்து வெளியே வந்தால் குளிர் முகத்தில் அறையும்.

முதல் இரண்டு மணி நேரம் தோம் சரிவு. அகலமான, முடிவே தெரியாத பனிமேடு. முன்னால் விளக்குகள் வரிசையாக மேலே போய் நட்சத்திரங்களோடு கலந்துவிடும், எது விளக்கு எது நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. இங்கே வேகம் எடுக்காதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

தோம் தாண்டியதும் பாதை கீழே இறங்கும். ஏறியதை இழக்கிறோமே என்று இருக்கும், திரும்பி வரும்போது இதையும் ஏற வேண்டும் என்பதை அப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது வாலோ. பலர் அங்கே உட்கார்ந்து, யோசித்து, திரும்புகிறார்கள்.

அதற்கு மேல் போஸ் முகடு. ஒட்டகத் திமில்போல இரண்டு மேடுகள், அதனால்தான் அந்தப் பெயர். செங்குத்தான ஏற்றம், பிறகு முகடு குறுகிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் சரிவு. எதிரே இறங்கி வரும் குழு வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் இங்கே நிற்கவே முடியாது. பத்து அடி வைத்து ஒரு மூச்சு, பத்து அடி வைத்து ஒரு மூச்சு என்று எண்ணிக்கொண்டே போனேன். உச்சி என்பது கூர்மையான முனை அல்ல, நீளமான பனி வரப்பு. மேலே ஏற ஒன்றும் இல்லாமல் போனபோதுதான் வந்துவிட்டோம் என்று தெரிந்தது. காலை ஏழு மணி. நாங்கள் நின்ற மலையின் நிழல் மேற்கே, பிரான்சின் மேல் ஒரு பெரிய முக்கோணமாக விழுந்து கிடந்தது. நான் அழுதேன். கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

குடிலிலிருந்து உச்சிக்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். இறக்கம், ரயில் நிலையம் வரை, ஆறேழு மணி நேரம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக மட்டும் கூலுவாரில் அவசரப்படாதீர்கள். ரயில் போனால் குடிலில் இடம் கேட்கலாம், இல்லாவிட்டால் நடந்தே இறங்கலாம்.

எப்போது திரும்ப வேண்டும்?

முதல் முறை எனக்கு வாலோவில் தலை வலித்தது. காற்று முகட்டிலிருந்து பனித்தூளை வாரி வெள்ளைக் கொடிபோல வீசிக்கொண்டிருந்தது. "இன்னும் இரண்டு மணி நேரம்தானே" என்றேன். வழிகாட்டி என் கயிற்று முடிச்சைக் காட்டி, அதைத் திரும்பக் கட்டச் சொன்னார். நூறு முறை போட்ட முடிச்சு, எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. இறங்கினோம். கீழே வந்து இரண்டு நாள் மனம் சரியில்லாமல்தான் இருந்தது.

அந்த முடிச்சுச் சோதனையை இப்போது நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அதோடு, கிளம்பும் முன்பே வழிகாட்டியோடு ஒரு நேரம் பேசி வையுங்கள், அந்த நேரத்துக்குள் வாலோவைச் சேராவிட்டால் திரும்புவது என்று. மேலே போய் முடிவு எடுக்கலாம் என்று விட்டால், மேலே இருக்கும் மூளைக்கு ஆக்சிஜன் குறைவு.

விபத்து நடந்தால்? காப்பீடு?

அழைக்க வேண்டிய எண் 112. ஷாமொனியில் இருக்கும் PGHM என்ற மலை மீட்புக் காவல் பிரிவு ஹெலிகாப்டரில் வரும். பிரெஞ்சுப் பக்கத்தில் மலை மீட்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. மருத்துவமனைச் செலவு வேறு, எல்லை தாண்டி இத்தாலிப் பக்கம் இறங்கிவிட்டால் கணக்கும் வேறு. இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதற்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆனால் விசாவுக்காக வாங்கும் அந்தக் காப்பீட்டில் மலையேற்றம் பெரும்பாலும் சேராது. சிறிய எழுத்தில் இருக்கும் விலக்குப் பட்டியலைப் படித்து, மலையேற்றத்துக்கும் மீட்புக்கும் தனியாக எடுங்கள்.

ஏர் இந்தியா விமானம் விழுந்தது இந்த மலையில்தானா?

ஆமாம், ஒன்றல்ல, இரண்டு. 1950 நவம்பர் 3 அன்று 'மலபார் பிரின்சஸ்' மோதியதில் 48 பேரும், 1966 ஜனவரி 24 அன்று 'காஞ்சன்ஜங்கா' மோதியதில் 117 பேரும் இறந்தார்கள். இரண்டாவதில் அணு விஞ்ஞானி ஹோமி பாபா இருந்தார், வியன்னாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு விமானங்களும் விழுந்த இடம் கிட்டத்தட்ட ஒன்றே, உச்சிக்குச் சற்றுக் கீழே, போஸ் முகட்டை ஒட்டிய தூர்னெத் பாறைப் பகுதி. நாம் நடந்து போகும் பாதையின் பக்கத்திலேயே.

சிதறியவற்றைப் பனி விழுங்கி, போசோன் பனியாறு மெதுவாகக் கீழே சுமந்து வந்து, பல பத்தாண்டுகள் கழித்துத் துப்புகிறது. 2012-இல் இந்தியத் தூதரக அஞ்சல் பை ஒன்று கிடைத்தது. 2013-இல் ஓர் இளம் மலையேறி மரகதமும் நீலக்கல்லும் இருந்த பெட்டியைக் கண்டெடுத்துக் காவல் துறையிடம் ஒப்படைத்தார். 2020-இல் இந்திரா காந்தி பிரதமராகும் செய்தி தாங்கிய 1966-ஆம் ஆண்டு இந்திய நாளிதழ்கள் வெளிவந்தன. நான் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்று கும்பிட்டேன். ஏன் என்று வழிகாட்டி கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலில் ஏறியவர் யார்?

ஷாமொனியைச் சேர்ந்த மருத்துவர் மிஷேல் கப்ரியேல் பக்கார், படிகக் கல் தேடி மலையில் அலைந்த ஜாக் பல்மா, இருவரும். 1786 ஆகஸ்ட் 8, மாலை ஆறு மணிக்கு மேல். கயிறும் இல்லை, பனிக்கோடரியும் இல்லை, நீளமான கழிகள்தான். ஜெனீவா அறிஞர் சோசூர் 1760-இலேயே வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்திருந்தார், அவரே 1787-இல் ஏறினார். 1808-இல் மரி பரதி என்ற உள்ளூர்ப் பெண் ஏறினார். இவர்கள் போனது வேறு வழி. போஸ் முகடு வழியாக 1861-இல்தான் ஏறினார்கள்.

நான் ஏறும்போது குடும்பம் எங்கே இருக்கும்? அவர்களுக்கு என்ன காட்டுவது?

ஷாமொனியில் இருக்கட்டும். பிள்ளைகளும் பெரியவர்களும் டிராம்வேயில் நீ தேகிள் வரை வந்து உங்களை வழியனுப்பலாம். எகுய் து மிடி கேபிள் கார் இருபது நிமிடத்தில் 3,842 மீட்டருக்குத் தூக்கிப் போய்விடும், இதயக் கோளாறு உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் அதைத் தவிர்ப்பது நல்லது. உச்சி நாளன்று காலை முதல் கேபிள் காரில் எதிர்ப்புறம் உள்ள பிரெவான் மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள், 2,525 மீட்டர். மலை முழுக்க நேர் எதிரே நிற்கும். வானம் தெளிந்திருந்தால், நல்ல பைனாகுலரில் தோமுக்கும் உச்சிக்கும் நடுவே கறுப்புப் புள்ளிகள் நகர்வது தெரியும். என் மனைவி இரண்டாம் முறை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் புள்ளி நான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே இறங்கும் புள்ளிகளை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன் என்றாள்.